தேனீயின் ஒரு விநாடி

தேனீ விநாடிக்கு ஏறத்தாழ 230 முறை சிறகடிக்கிறது. சினிமா கேமரா அதே விநாடியில் எடுப்பது 24 பிரேம். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறகு ஒன்பது, பத்து முறை அடித்து முடித்துவிடும். திரையில் தெரிவது வெறும் மங்கல். சிறகின் அசைவைக் காட்ட விநாடிக்கு 2400 பிரேம் எடுத்து, அதை 24 வீதம் ஓட்ட வேண்டும். அப்போது ஒரு விநாடி நூறு விநாடியாகும்.

இந்த வித்தை புதிதல்ல. பாரிஸில் லூசியன் புல் 1904 வாக்கிலேயே பூச்சிகள் பறப்பதை விநாடிக்கு 1200 படம் வரை எடுத்தார். அவருக்கு வெளிச்சம் தந்தது மின்பொறி. மின்பொறிவரை போனது ஏன் என்பதில்தான் இந்தத் தொழிலின் முழுச் சிரமமும் இருக்கிறது. பிரேம் நூறு மடங்கு கூடினால், ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். பூச்சியை நெருங்கி எடுக்கும்போது இன்னொரு தொல்லை: தெளிவாகத் தெரியும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் வயிறு கலங்கும். ஆழத்தைக் கூட்ட லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால், இருக்கிற ஒளியும் போய்விடும். பெரிய விளக்குகளை வைத்தாலோ சூட்டில் பூ வாடிவிடும், பூச்சியும் அங்கே நிற்காது. சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் நிலைமை கொஞ்சம் தேவலை.

மொட்டு விரிவதைக் காட்டுவது நேரெதிர் வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிரேம் என்று இரண்டு நாள் எடுத்தால் 576 பிரேம். ஓட்டினால் 24 விநாடி. இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910-இல் ‘ஒரு பூவின் பிறப்பு’ என்ற படத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்.

இவ்வளவுக்கும் அமேசான் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் வீட்டோடு அடைபட்ட மார்ட்டின் டோர்ன் என்ற ஒளிப்பதிவாளர், பிரிஸ்டல் நகரில் தம் சின்னத் தோட்டத்திலேயே கேமராவை வைத்தார். கடைச் சரக்கு போதாமல் லென்ஸ்களைத் தாமே செய்துகொண்டார். அந்தத் தோட்டத்தில் அவர் கண்டது அறுபதுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள். அவற்றில் சில கொசு அளவே இருந்தன. இலைவெட்டித் தேனீ ஒன்றை அடையாளம் கண்டு தொடர்ந்து, அதற்கு நிக்கி என்று பெயரும் வைத்தார். இப்படி எடுத்து 2021-இல் வந்த அவருடைய படத்தை, கோடிகள் கொட்டி எடுத்த பல காட்டுப் படங்களுக்கு மேலாகவே நான் சொல்வேன். பிரம்மாண்டத்தைவிடப் பழக்கம் அதிகம் காட்டும்.

ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம். இத்தகைய படங்களில் பூச்சி இலைமேல் நடக்கும் சத்தம் பெரும்பாலும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்தது. ஸ்லோ மோஷனில் எடுத்த காட்சிக்கு அசல் ஒலியை அப்படியே பொருத்தவும் முடியாது.

இன்று பல செல்பேசிகளில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் வசதி இருக்கிறது. சிறகை அதில் பார்க்க முடியாது. ஆனால் பின்னங்காலில் மகரந்தத்தை உருட்டி ஒட்டிக்கொள்வது தெரியும். துளசி பூத்திருந்தால், காலை வெயில் நன்றாக ஏறியபின், ஒளி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுங்கள். நிழல் மட்டும் பூமேல் விழ வேண்டாம்.