தொடாமல் அறிந்த வெப்பம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பிற் கோள்களைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக் கிரகத்தின் தரையில் வெப்பநிலை ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அங்கே வெப்பமானியைக் கொண்டுபோய் வைத்தது ஆர்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். "தம்பி, நீர் எண்ணைப் பாடமாக்கும்; சோதினைக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோளுக்குப் போய்விட்டேன்.

அவன் பேசாமல் அமர்ந்துகொண்டான். அன்றிரவு அந்த முகம் என்னை உறங்க விடவில்லை. அவன் கேட்டது விஞ்ஞானத்தின் முதற் கேள்வி. விடை எனக்குத் தெரியாது. தெரியாமையைச் சிரிப்பினால் மூடிக்கொண்டேன். அவனுக்கு அன்று தந்திருக்க வேண்டிய விடையையே பின்னாளில் தேடிக் கற்று இங்கு எழுதுகின்றேன்.

கொல்லனின் உலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். இரும்பு பழுத்த பதத்தை அவன் தொட்டா அறிகின்றான்? செம்மை, மஞ்சள், வெண்மை என மாறும் ஒளியே அவனுக்கு வெப்பமானி. ஒளிராத பொருள்களும் இவ்வாறே தம் வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கல்லும் கடலும் நம் உடலும் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களையும், அவற்றினும் நீண்ட ரேடியோ அலைகளையும் இடையறாது வெளிவிடுகின்றன. எந்த வெப்பநிலையில், எந்த அலைநீளத்தில், எவ்வளவு கதிர்ப்பு வெளிப்படும் என்பதற்கான விதியை 1900ஆம் ஆண்டில் மக்ஸ் பிளாங் வகுத்தார். அவ்விதி கரும்பொருளுக்கு உரியது. தன்மேல் விழும் கதிர் அனைத்தையும் உறிஞ்சி, தன் வெப்பநிலையில் இயலக்கூடிய முழு அளவினையும் வெளிவிடும் கற்பனைப் பொருளே கரும்பொருள் எனப்படும்.

தொலைவிலுள்ள ஒரு பொருளிலிருந்து வரும் கதிர்ப்பை அளந்தபின் அறிஞர் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "இது கரும்பொருளாக இருந்தால், இவ்வளவு கதிர்ப்பை வெளிவிட எவ்வளவு சூடாக இருத்தல் வேண்டும்?" அதற்கு வரும் விடையைப் பிரகாச வெப்பநிலை என்பர். "இருந்தால்" என்ற சொல்லை வாசகர்கள் மறவாதிருத்தல் வேண்டும். இவ்வெண் நிபந்தனையோடு கூடிய சாட்சியம். அந்த நிபந்தனையை மறந்தவர் ஏமாறுவர். நினைவில் வைத்தவர் எண்ணுக்கு அப்பாலும் அறிவர்.

இனி வெள்ளிக்கு வருவோம். 1920களில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பெற்றிட், நிக்கல்சன் என்னும் இருவர் அதன் செந்நிறக்கீழ்க் கதிர்ப்பை அளந்தபோது கிடைத்தது சுமார் 240 கெல்வின். அதாவது உறைநிலைக்கும் 33 பாகை கீழே. 1956இல் வாஷிங்டன் நகரில், அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தின் கூரைமேல் நின்ற 50 அடித் தட்டினால் மேயர், மக்கலக், சுலோனேக்கர் ஆகிய மூவரும் அதே கோளை 3.15 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் நோக்கினர். அவர்கள் கணித்த பிரகாச வெப்பநிலை சுமார் 600 கெல்வின். ஈயம் அரிதின் உருகும் வெப்பம்!

அது எளிதிற் பெற்ற எண்ணன்று. தட்டின் பார்வைப் பரப்பில் வெள்ளி ஒரு சிறு புள்ளியையே நிரப்பிற்று. ஆகவே கருவி கண்ட ஏற்றம் சில கெல்வின் அளவினதே. கோள் நிரப்பிய பங்கைக் கொண்டு அதனைப் பெருக்கிக் காணவேண்டியிருந்தது. அன்றியும், வாங்கியின் சொந்த இரைச்சலே வானத்துச் செய்தியை விழுங்கவல்லது. இவ்விடர்ப்பாட்டுக்கு றொபேட் டிக் 1946இல் ஒரு வழி கூறியிருந்தார்: வாங்கியை வானத்துக்கும் வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளுக்குமாக நொடிக்குப் பல முறை மாற்றி மாற்றித் திருப்பி, வேறுபாட்டை மட்டும் அளத்தல்.

ஒரே கோளுக்கு 240, 600 என இரு வெப்பநிலைகள்! எது பொய்? இரண்டும் மெய்யே. செந்நிறக்கீழ்க் கதிர் முகிலின் முகட்டிலிருந்து வந்தது. ரேடியோ அலையோ முகிலை ஊடுருவி ஆழத்திலிருந்து வந்தது. ஆயின் ஓர் ஐயம் எஞ்சிற்று. இந்த 600 கெல்வின் தரையின் வெப்பம்தானா? அன்றி, உயர்வளியில் மின்னேற்றம் பெற்ற படலமொன்று செய்யும் மாயமா? தரை சுடாதிருப்பின் அங்கு உயிர் இருக்கலாம் என்ற நம்பிக்கை அன்று பலருக்கு இருந்தது.

தீர்ப்புச் சொல்லும் வழி எளியது. உயர்வளிப் படலமே காரணமாயின், கோளின் விளிம்பை நோக்கும் பார்வை படலத்தினூடே நீண்டு செல்லும், விளிம்பு பிரகாசிக்கும். தரையே காரணமாயின், விளிம்பில் வளியின் தடை மிகுந்து மங்கும். 1962 டிசெம்பர் 14ஆம் நாள் மறினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்து சென்றபோது நுண்ணலைக் கருவியால் அதனைத் துருவிற்று. விளிம்பு மங்கியிருந்தது. தரை எரிகின்றது என்பது தெளிவாயிற்று.

சூடான கடல் குளிராகத் தோன்றும் விந்தையும் உண்டு. 1972 டிசெம்பரில் ஏவப்பட்ட நிம்பஸ் 5 செயற்கைக்கோள் 1.55 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் துருவக் கடல்களை நோக்கிற்று. அங்கே திறந்த நீர் பனிக்கட்டியின் மேற்பரப்பைவிடச் சூடானது. எனினும் நீரின் பிரகாச வெப்பநிலை சுமார் 130 கெல்வின். பனிக்கட்டியினதோ 230க்கும் மேல். நீர் நுண்ணலைகளைக் குறைவாகவே வெளிவிடுவதும், பனிக்கட்டி தன் முழு ஆற்றலுக்கு அண்மையாக வெளிவிடுவதுமே காரணம். உண்மை வெப்பத்துக்கும் தோற்ற வெப்பத்துக்கும் உள்ள இந்த இடைவெளிதான் இருளிலும் முகிலின் கீழும் பனியையும் நீரையும் பிரித்துக் காட்டிற்று. அந்தாட்டிக்காவின் வெடெல் கடலில், 1974 முதல் 1976 வரையான குளிர்காலங்களில், சுமார் 250,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் உறையாத நீர் திறந்து கிடந்ததை உலகம் அறிந்தது இவ்வாறே. அது நம் இலங்கையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

அந்த மாணவனின் கேள்விக்கு நேர்விடையும் இருக்கின்றது. வெப்பமானியை உண்மையாகவே ஒருவர் கொண்டுபோய் வைத்தனர். 1970 டிசெம்பர் 15ஆம் நாள் சோவியத் நாட்டின் வெனேறா 7 வெள்ளியின் தரையில் இறங்கி, ஏறத்தாழ 475 பாகை செல்சியஸ் என்று அறிவித்தது. ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு கட்டடத்தின் கூரையில் நின்றவர்கள் அந்த அடுப்பின் வெக்கையை உணர்ந்துவிட்டனர். அவர்கள் எண் சற்றுக் குறைந்திருந்ததும் நியாயமே: இடைநின்ற வளி ஒரு பங்கை மறைத்தது, தரையும் முழுக் கரும்பொருளன்று.

அந்த மாணவன் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். எங்கிருக்கின்றானோ அறியேன். இப்பொழுதெல்லாம் அந்தப் பாடம் வரும்போது, எண்ணை எழுதுவதற்கு முன் அவனுடைய கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகின்றேன். எழுதிவிட்டு, வகுப்பு பேசட்டும் என்று சற்று நேரம் பொறுத்திருக்கின்றேன்.