நாட்றம்பள்ளிக் குழியும் நாசாவின் மின்னஞ்சலும்

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. அன்றைய வேலூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளிப் பக்கம், பாரதிதாசன் பொறியியல் கல்லூரி வளாகத்தில் காதைப் பிளக்கும் சத்தம். கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர் ஒருவர் படுகாயமடைந்து உயிரிழந்தார். மேலும் மூன்று பேருக்குக் காயம். கட்டடத்திலும் நிறுத்தியிருந்த பேருந்துகளிலும் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்தன. தரையில் சில அடி ஆழத்துக்குக் குழி. கட்டுமான வேலைக்கு வாங்கி மிச்சம் வைத்த ஜெலட்டின் குச்சி ஏதாவது வெடித்திருக்குமோ என்றுதான் போலீஸ் முதலில் சந்தேகப்பட்டது. கல் உடைக்கவும் கிணறு தோண்டவும் வெடி வைப்பது சாதாரணமாக நடக்கும் வட்டாரத்தில் அது இயல்பான சந்தேகம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. விண்கல் விழுந்ததில் ஓட்டுநர் இறந்தார். அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய், காயமடைந்தவர்களுக்குத் தலா 25,000 ரூபாய் நிவாரணம். ஒரே இரவில் நாட்றம்பள்ளி உலகச் செய்தியானது. விண்கல் விழுந்து மனிதர் இறந்ததாக அறிவியல் உறுதி செய்த சம்பவம் அதுவரை ஒன்றுகூட இல்லை என்பதால் நியூயார்க் முதல் டோக்கியோ வரை அந்தக் குழியின் படத்தைப் போட்டார்கள்.

பூமிக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்துவிட்டது என்ற செய்தி வந்தால் அடுத்து என்ன நடக்கும்? சினிமாவுக்கும் நாவலுக்கும் இதற்கு ஒரு பதில் உண்டு. கறுப்பு வண்டிகளில் ஒரு ரகசிய அமைப்பு வந்திறங்கும். இடத்தைச் சுற்றி வளைக்கும், பொருளை எடுத்துப் போகும், பார்த்தவர்களின் வாயை அடைக்கும், நடந்தது இதுதான் என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டுக் கிளம்பும். 1997இல் வந்த ‘மென் இன் பிளாக்’ படத்தில் பார்த்தவர்களின் நினைவையே அழித்துவிடுவார்கள். வேற்றுக்கிரகவாசியைவிட இந்த அமைப்புதான் அக்கதைகளில் அதிகம் பயமுறுத்தும். எது வந்தது என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் அதன் கையில் இருக்கும். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

நாட்றம்பள்ளியில் கறுப்பு வண்டி எதுவும் வரவில்லை. நம் ஊரில் அந்த இடத்துக்கு வருபவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். முதலில் விஏஓ, பிறகு தாசில்தார், இன்ஸ்பெக்டர், எஸ்பி, கலெக்டர். வெடிகுண்டு நிபுணர்கள், மோப்ப நாய், தடய அறிவியல் துறை. மரணம் சந்தேகத்துக்குரியது என்பதால் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. இப்போது அது புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு. இந்த வரிசையில் வானியலாளருக்கு இடமே இல்லை. இத்தனைக்கும் இந்தியாவின் முக்கியமான வானியல் ஆய்வுக்கூடங்களில் ஒன்று அதே மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போய் வந்திருப்பார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் ஆர்.ராஜமோகன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடிய அந்தத் திட்டத்தின் பெயர் ‘கல்கி’. அதாவது, வானத்திலிருந்து பூமியை நோக்கி எது வருகிறது என்று பார்க்கும் வேலை, அமெரிக்காவில் அதற்கென்று அலுவலகம் திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு மேலே இருக்கும் இந்த மலையில் நடந்திருக்கிறது. காவலூரை நடத்தும், பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு அரசு பேசியிருக்கலாம். நடந்தது தலைகீழ். அறிக்கை வந்த பிறகுதான் அந்நிறுவனத்தின் குழு ஆய்வுக்குக் கிளம்பியது. விண்கல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர்கள் சொன்னபோது அறிவிப்பு ஏற்கெனவே உலகம் சுற்றி முடித்திருந்தது.

அவர்கள் சந்தேகப்பட்டதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சின்ன விண்கல் பூமியின் காற்றுக்குள் நுழைந்ததும் தன் வேகத்தை இழந்துவிடும். கடைசிப் பல கிலோமீட்டர்களை, கையிலிருந்து நழுவிய கல் போலத்தான் கடக்கும். தரையைத் தொடும்போது மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகமே இருக்கும். தலையில் விழுந்தால் உயிர் போகும், ஆனால் அது வெடிக்காது. சுற்றியிருக்கும் பேருந்துகளின் கண்ணாடியை உடைக்காது. சில அடி ஆழத்துக்குக் குழி விழ வேண்டுமென்றால் கனமான கல் வந்திருக்க வேண்டும், அது குழிக்குள்ளேயே இருக்க வேண்டும். நாட்றம்பள்ளியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது 11 கிராம் எடையுள்ள ஒரு கருநீலக் கல். வேறொரு வகை உண்டு, வானத்திலேயே வெடிப்பது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த பாறையின் அதிர்வில் ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். அங்கே ஊரே அந்த ஒளியைப் பார்த்தது. அப்படி ஒன்று நாட்றம்பள்ளிக்கு மேல் வெடித்திருந்தால் ஒரு கல்லூரியின் கண்ணாடியோடு போயிருக்காது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வீட்டுக்கு வீடு சன்னல் உடைந்திருக்கும்.

திருச்சி தேசியக் கல்லூரியில் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள், மாதிரியில் கார்பன் மிகுந்த விண்கல் வகையின் கூறுகள் தெரிவதாகச் சொன்னார்கள். முதற்கட்ட ஆய்வுதான். அறிவியலில் இப்படி இரண்டு முடிவுகள் எதிரெதிரே நிற்பது தவறில்லை, அப்படித்தான் தொடங்கும். பிறகு மாதிரியைப் பல கூடங்களுக்குப் பகிர்ந்து, எடுத்த இடத்தையும் எடுத்த விதத்தையும் பதிவு செய்து, எல்லோரும் பார்க்க முடிவை வெளியிட்டு ஒரு தீர்வுக்கு வருவார்கள். இந்தியாவில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை. கொல்கத்தாவில் அவர்களிடம் பெரிய சேகரிப்பே இருக்கிறது. முறை இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். அந்த முறை ஓடி முடியும்வரை காத்திருக்கும் பொறுமைதான் இல்லாமல் போனது.

இந்த இடத்தில்தான் நாசா வந்தது, நேரில் அல்ல, சொல் வழியாக. இணையத்தில் வந்த படங்களைப் பார்த்தால் விண்ணிலிருந்து வந்த பொருளைவிடத் தரையில் நடந்த வெடிப்பு என்றே தோன்றுகிறது என்று அவர்களின் விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள். நாசாவின் கோள் பாதுகாப்பு அதிகாரி லிண்ட்லி ஜான்சன், விண்கல்லால் நேர்ந்த மரணம் வரலாற்றில் இதுவரை உறுதியானதில்லை என்று நியூயார்க் டைம்ஸுக்கு மின்னஞ்சலில் எழுதினார். கோள் பாதுகாப்பு அதிகாரி என்பது கதைக்காக வைத்த பதவிப் பெயர் அல்ல. பூமியை நோக்கி வரும் பாறைகளைக் கண்காணிக்க நாசா அந்த அலுவலகத்தை அறிவித்தது 2016 ஜனவரி 7 அன்று, நாட்றம்பள்ளிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு.

அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அது நம் ஊரில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு வருத்தம் தருகிறது. ‘நாசாவே சொல்லிடுச்சு’ என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்த பெங்களூரு விஞ்ஞானிகளின் வாதம் யாருக்கும் நினைவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்ன அமெரிக்க அலுவலகத்தின் பெயர் நினைவில் நின்றது. கோட்டையிலிருந்து வந்த அறிவிப்பை நம்பியதும், வாஷிங்டனிலிருந்து வந்த மறுப்பை நம்பியதும் ஒரே காரணத்தால்தான்: சொன்னவர் பெரியவர். இரண்டு முறையும் ஆதாரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அதிகார அமைப்பு ஆதாரத்துக்கு முன்னால் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ராஸ்வெல் சாட்சி. 1947 ஜூலை 8 அன்று நியூ மெக்சிகோவின் அந்த ஊரிலிருந்த ராணுவத் தளமே ‘பறக்கும் தட்டு’ கிடைத்துவிட்டது என்று செய்தி கொடுத்தது. உடனே, இல்லை, அது வானிலை பலூன் என்று மாற்றியது. 1994இல் அமெரிக்க விமானப்படை மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது: சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன். இது உண்மையாக இருந்தும் அதற்குள் நம்ப ஆளில்லை. வேற்றுக்கிரகவாசிகளை ஒளித்து வைத்திருக்கும் அரசு என்ற கற்பனைக்கு விதை போட்டது அந்த முதல் இரண்டு அறிக்கைகள். 2024 மார்ச்சில் பென்டகன் தனி அலுவலகம் வைத்து ஆராய்ந்து, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரமே இல்லை என்று அறிக்கை விட்ட பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை.

நம் நாட்டிலேயே முறையாக நடந்த ஒன்றும் இருக்கிறது. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக்கின் பாங்காங் ஏரிப் பக்கம் இந்திய ராணுவம் வானத்தில் 329 முறை ஒளிப்பொருள்களைப் பார்த்ததாகப் பதிவு செய்தது. அவற்றில் 155 எல்லை தாண்டி வந்ததாகக் கணக்கு. சீன உளவு விமானமோ என்ற பதற்றம். ராணுவம் சுட்டுத் தள்ளவில்லை, அறிக்கையும் விடவில்லை. வானியலாளர்களைக் கேட்டது, அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தை. நேரத்தையும் திசையையும் குறித்து ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகளின் எல்லையில் அந்தப் பொறுமைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேற்றுலக அறிவின் சமிக்ஞை கிடைத்தால் என்ன செய்வது என்று சர்வதேச விண்வெளி அகாடமி 1989இல் ஒரு நெறிமுறை வகுத்தது, 2010இல் திருத்தியது. கண்டவர் முதலில் சரிபார்க்க வேண்டும், மற்ற ஆய்வாளர்களையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும், உறுதியானால் ஒளிக்காமல் உலகுக்குச் சொல்ல வேண்டும், உலக நாடுகளைக் கலக்காமல் யாரும் பதில் அனுப்பக் கூடாது. சட்ட பலம் கிடையாது. ஆனாலும் கறுப்பு வண்டிக்கு நேர் எதிரான ஏற்பாடு அது.

தோல் பதனிடும் இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வானத்திலிருந்து விழுந்தது என்றால் யார்மீதும் குற்றமில்லை. வெடிமருந்து என்றால் அதை வாங்கியவர் யார், வைத்தவர் யார், உரிமம் யாரிடம், அங்கே விட்டுவிட்டுப் போனது யார் என்று வரிசையாகக் கேள்வி வரும். இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் என்பது அரசின் கருணையாக இருக்குமா, இழப்பீடு என்ற உரிமையாக இருக்குமா என்பதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நாட்றம்பள்ளிக்கு ஓராண்டு முன்பு, 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைக் கழிவுச் சேறு மூடிக் கொன்றது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சாவுக்கு மனிதர்கள் காரணம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. சுவர் கட்டியவர்கள், மேற்பார்த்தவர்கள், அனுமதி கொடுத்தவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

யார் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்விக்கு நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பும் இந்த மண்ணின் வழக்கில் வந்ததுதான். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நம் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தன் செயலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவரையே சேரும் என்றது. அதே மாவட்டத்தில் ஒரு வளாகத்தில் குழி விழுந்து ஒருவர் செத்தபோது, அந்த நியாயம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. வானத்தைக் கைகாட்டினார்கள், விசாரணையின் கவனம் தரையை விட்டு மேலே போய்விட்டது.

விண்கல்லால் மரணமே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 1888இல் இன்றைய இராக்கின் சுலைமானியா பக்கம் ஒருவர் அப்படி இறந்ததை, துருக்கி ஆவணக் காப்பகத்தின் பழைய அரசுக் கடிதங்களிலிருந்து 2020இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். உள்ளூர் அதிகாரிகள் எழுதி அனுப்பியதைக் காகிதமாகப் பாதுகாத்ததால் 130 ஆண்டுகள் கழித்தும் அந்தச் சம்பவத்தைப் பேச முடிகிறது. அமெரிக்காவின் சிலகாகாவில் 1954 நவம்பர் 30 அன்று கூரையைத் துளைத்து ஒரு பெண்ணின் இடுப்பருகே பட்ட கல்லை, போலீஸ் வாங்கி விமானப்படையிடம் கொடுத்தது; பனிப்போர்ப் பயம். அது விண்கல்தான் என்று பார்த்துச் சொன்ன பிறகு திரும்பி வந்து, இன்று அலபாமா அருங்காட்சியகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது.

2024 மே மாதத்தில் ஜோலார்பேட்டை பக்கம் அச்சமங்கலத்தில் ஒரு நிலத்தில் சுமார் ஐந்தடிக் குழி விழுந்தது. மறுபடியும் வானத்திலிருந்து மர்மப் பொருள் என்று பேச்சு, கூட்டம், தொலைக்காட்சி வண்டிகள். இம்முறை அதிகாரிகள் மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நல்லது. அந்த வட்டாரம் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். காவலூரும் அதற்குள்தான் வருகிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் தீயணைப்பு நிலையத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தின் எண்ணும் இருக்க வேண்டும். குழி விழுந்த அன்றே அவர்களில் ஒருவர் தாசில்தாரோடு நிற்க வேண்டும், அவர் பார்த்துச் சொல்லும் வரை எந்த அலுவலகமும் முடிவை அறிவிக்கக் கூடாது. எடுத்த மாதிரி எந்தக் கூடத்துக்குப் போனது, என்ன முடிவு வந்தது என்பதைக் கலெக்டர் அலுவலகம் தமிழில் வெளியிட வேண்டும். 2016இல் நாட்றம்பள்ளியில் எடுத்த மாதிரிகளின் தடய அறிவியல் அறிக்கையும் அதே போல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அதன் முதல் பிரதி அந்த ஓட்டுநரின் வீட்டுக்குப் போக வேண்டும்.