வருத்தத்தை மறைக்க வேண்டாம்: தோலில் வரும் அரிய புற்றுநோயும் உங்கள் அகதிக் கோரிக்கையும்

"கான்சர் எண்டு தெரிஞ்சால் கேஸை நிராகரிச்சுப் போடுவினமோ?" புதிதாக வந்தவர்கள் பலர் இந்தப் பயத்தில் வைத்தியரிடம் போகாமல் இருந்து விடுகிறார்கள்.

பயப்பட வேண்டாம். விசாரணையில் பார்ப்பது நாட்டில் உங்களுக்குள்ள ஆபத்தை, உங்கள் உடம்பு வருத்தத்தை அல்ல. வைத்தியச் செலவு அதிகம் என்று நிரந்தர வதிவிடத்தை மறுக்கும் விதி குடிவரவுச் சட்டத்தில் உண்டுதான். ஆனால் அகதியாக ஏற்கப்பட்டவருக்கு அது பொருந்தாது.

இது என்ன வருத்தம்?

லிம்போமா என்பது நிணநீர்த் தொகுதியில் வரும் புற்றுநோய். அதில் அறுபதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் தோலிலேயே தொடங்கும். அவற்றுள் கூடுதலாகக் காணப்படுவது மைக்கோசிஸ் பங்கொயிடிஸ். பெயர் அப்படி இருந்தாலும் இது பங்கஸ் அல்ல, மற்றவருக்குத் தொற்றவும் மாட்டாது.

மாதக் கணக்காக, சில வேளை வருடக் கணக்காக, மாறாத படை அல்லது கடி இருக்கும். எங்களைப் போன்ற கறுத்தத் தோலில் வெளிறிய தேமல் போலவும் வரலாம். இதனால் எக்சிமா, வெண்குட்டம் என்று நினைத்து கிறீம் பூசிக்கொண்டே காலம் போய்விடும். கழுத்து, கமக்கட்டு, அரையில் நோகாத கட்டி, உடுப்பு நனையும் இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு என்பவையும் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

குடிவரவுக்காகச் செய்யும் மெடிக்கல் புற்றுநோயைத் தேடும் பரிசோதனை அல்ல. "மெடிக்கல் பாஸ்தானே" என்று இருந்து விடாதீர்கள்.

எங்கே போவது?

1. முதலில் குடும்ப வைத்தியர் அல்லது சமூக சுகாதார நிலையம். அவசரமில்லாத ஆலோசனைக்கு 811 ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

2. அவர் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார். நிபுணர் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார். இதுதான் பயோப்சி. முதல் தடவையில் தெளிவாகத் தெரியாமல், திரும்பவும் எடுக்க வேண்டி வரலாம். சலிக்காமல் போங்கள்.

3. நோய் உறுதியானால் பிறின்சஸ் மாக்கிறெற், சனிபுறூக் போன்ற வைத்தியசாலைகளின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். நேரே போய்ப் பதிய முடியாது, வைத்தியரின் கடிதம் தேவை.

ஆரம்பத்தில் பிடித்தால் பூசும் மருந்து, ஒளிச் சிகிச்சை என்பவற்றாலேயே பலருக்குக் கட்டுப்படுத்தலாம். பலர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். கதிர்ச் சிகிச்சை, ஊசி மருந்து எல்லாருக்கும் தேவைப்படாது.

செலவு யார் தருவது?

இடைக்கால சமஷ்டி சுகாதாரத் திட்டம் வைத்தியர், பரிசோதனை, வைத்தியசாலைச் செலவுகளைப் பொறுப்பேற்கும். "பிரவுண் பேப்பர்" என்று எங்கட ஆக்கள் சொல்லும் கோரிக்கையாளர் பத்திரத்தைக் காட்டுங்கள். அதன் முடிவுத் திகதியையும் பார்த்து வையுங்கள்.

போக முதல் "இந்தத் திட்டத்தில் பதிந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கையிலிருந்து காசு கொடுத்தால் திட்டம் அதைத் திருப்பித் தராது.

2012 இல் இத்திட்டம் வெட்டப்பட்டது. அந்தக் காலத்துக் கதையை இன்னும் சிலர் சொல்லுவார்கள். 2016 ஏப்ரலில் அது முழுமையாகத் திரும்ப வந்துவிட்டது. ஆனால் 2026 மே 1 முதல் மருந்துக் கடையில் எடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் 4 டொலர் கட்ட வேண்டும் என்று அரசு அறிவித்தது. வைத்தியரைப் பார்ப்பதற்கோ வைத்தியசாலைக்கோ இது இல்லை.

கோரிக்கை ஏற்கப்பட்டதும் ஓஹிப் அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

மறக்க வேண்டாம்

வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை வைத்துக் கதைக்க வேண்டாம். பிள்ளைக்கும் அது பாரம், விளக்கமும் பிழைக்கலாம்.

சிகிச்சை நாளும் விசாரணை நாளும் முட்டினால் உடனே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வைத்தியச் சான்றிதழுடன் திகதி மாற்றக் கேட்கலாம். சொல்லாமல் விசாரணைக்குப் போகாமல் விட்டால்தான் கேஸுக்கு ஆபத்து.