கொச்சுவேளி கடற்கரை சொல்லும் பாடம்: மாசுத் தடுப்பு ஆலைக்குள்ளேயே தொடங்க வேண்டும்

திருவனந்தபுரம்: வீட்டுச் சுவரில் பூசும் வெள்ளைப் பெயிண்ட், பிள்ளைகள் எழுதும் காகிதம், ரப்பர், பிளாஸ்டிக் பொருட்கள் என அனைத்துக்கும் பளிச்சென்ற வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் தூள். ஆனால் அந்த வெண்மையை உற்பத்தி செய்த ஆலையின் கழிவு, கேரளத் தலைநகரின் கொச்சுவேளி-வேளி கடற்கரையில் பல பத்தாண்டுகளாகக் கடல்நீரின் நிறத்தைச் செம்பழுப்பாக மாற்றியது. தொழிலா, கடலா என்ற கேள்வியை மீனவர்கள் முன்பும் தொழிலாளர்கள் முன்பும் ஒருசேர நிறுத்தியது அந்தக் கழிவு. ஆனால், கேள்வியே தவறானது என்பதுதான் கொச்சுவேளியின் வரலாறு தரும் பாடம்.

திருவிதாங்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் நிறுவனம் 1946-ல் சமஸ்தான ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. 1951-ல் உற்பத்தி ஆரம்பமானது. பின்னர் இது கேரள அரசின் பொதுத்துறை நிறுவனமாயிற்று. அதன் மூலப்பொருள் இல்மனைட். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் மாவட்டம் சவராவிலும் கடற்கரை மணலில் கிடைக்கும் கருநிறக் கனிமம் அது.

இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை உலையில் சுட்டால் வெள்ளைத்தூள் கிடைக்கும். ஒரு டன் தூளுக்குப் பல டன் நீர்த்த அமிலக் கழிவும் இரும்பு சல்பேட்டும் சேர்ந்தே உண்டாகும். இந்தக் கழிவுதான் முறையான சுத்திகரிப்பின்றி நீண்டகாலம் கடலில் விடப்பட்டது. கரையோர மீனவக் கிராமங்கள் அதன் விலையைக் கொடுத்தன.

முதலில் சுவாசிப்பவர் தொழிலாளி

ஆலையின் மதிற்சுவரைத் தாண்டி வரும்போதுதான் மாசு பற்றிப் பேசுகிறோம். ஆனால் அது பிறப்பது மதிலுக்கு உள்ளே. கந்தக அமிலம் கொண்ட புகைமூட்டத்தைத் தொடர்ந்து சுவாசிக்கும் பணிச்சூழல் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1992-லேயே வகைப்படுத்தியது. அமிலத் தொட்டியின் அருகிலும் உலையின் வாயிலிலும் நிற்கும் தொழிலாளியே மாசின் முதல் இலக்கு. கடலும் மீனும் அடுத்த இலக்குகள்.

தமிழக வாசகர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வீசப்பட்டது அம்பலமானதால் 2001-ல் மூடப்பட்டது. காட்டு மண்ணில் கலந்த அதே பாதரசத்தை ஆலைக்குள் தினமும் கையாண்டவர்கள் தொழிலாளர்கள். அவர்களில் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் எட்டப்பட்டது. இடைப்பட்டவை 15 ஆண்டுகள்.

மாவூரின் கசப்பு

மாசுபடுத்தும் ஆலையை மூடிவிட்டால் போதுமா? கோழிக்கோடு மாவட்டம் மாவூரில் 1963-ல் உற்பத்தி தொடங்கிய குவாலியர் ரயான்ஸ் ஆலை இதற்கு விடை சொல்கிறது. மூங்கிலை விழுங்கிய அந்த ஆலை சாலியாற்றை மாசுபடுத்தியது. 1985-ல் மூடப்பட்ட ஆலை 1988-ல் மீண்டும் திறக்கப்பட்டு, 2001-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஆலை ஓடியபோது ஆற்றை இழந்தவரும், ஆலை நின்றபோது வேலையை இழந்தவரும் ஒரே வட்டாரத்து மக்கள்தான். இலாபம் ஈட்டிய முதலாளி மட்டுமே இரண்டிலும் இழக்கவில்லை.

கொச்சுவேளியில் உரிமையாளர் தனியார் அல்ல, அரசு. எனவே பொறுப்பு கூடுதலாகிறது. அபாயகரக் கழிவுகள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2003 அக்டோபர் 14 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தது. அதன் கண்காணிப்புக் குழு நாடெங்கும் ஆலைகளை நெருக்கியது. டைட்டானியம் ஆலைக்கும் சுத்திகரிப்பு வசதி அமைத்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. ரூ.256 கோடி மதிப்பில் திட்டம் தீட்டப்பட்டது. ஆனால் அது ஊழல் புகாரிலும் லஞ்ச ஒழிப்புத் துறை விசாரணையிலும் சிக்கியது. 2019-ல் மாநில அரசு வழக்கை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. கழிவைத் தூய்மை செய்ய வகுத்த திட்டம், நீதிமன்றக் கோப்பாக மாறியதுதான் மிச்சம்.

2021 பிப்ரவரி 10 அன்று இன்னொரு அதிர்ச்சி. ஆலையின் குழாயில் ஏற்பட்ட கசிவால் உலை எண்ணெய் கடலில் கலந்து, வேளி முதல் சங்குமுகம் வரை கரையில் படிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடவடிக்கை எடுத்தது. எண்ணெய் படிந்த மணலை அள்ளி அகற்ற வேண்டியதாயிற்று. ஒரு குழாயின் கசிவை ஆலைக்குள்ளேயே கண்டு அடைத்திருந்தால், கடற்கரையை வாரிக் கழுவ வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

போபால் தந்த உரிமை

தொழிலாளியின் எச்சரிக்கையைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு போபாலைவிடக் கொடிய சான்று இல்லை. யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஆபத்து காத்திருக்கிறது என்று தொழிற்சங்கத்தினர் குரல் எழுப்பினர். யாரும் செவிமடுக்கவில்லை. 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் நகரமே மூச்சுத் திணறியது.

அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1987-ல் திருத்தப்பட்டது. அபாயகரமான பொருட்கள் குறித்த விவரங்களைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை என்றது 41-பி பிரிவு. தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழுவை அத்தகைய ஒவ்வொரு ஆலையிலும் கட்டாயமாக்கியது 41-ஜி. உடனடி ஆபத்து இருப்பதாக ஐயம் எழுந்தால் நிர்வாகத்தையும் ஆய்வாளரையும் ஒரே நேரத்தில் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு வழங்கியது 41-எச்.

ஆலைக்குள் நிற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று இவ்வுரிமைகளைச் சொல்லலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தச் சட்டத்தையும் விழுங்கிவிட்டன. எச்சரிக்கும் உரிமை ஏட்டில் தொடர்கிறது. ஆனால் பாதுகாப்புக் குழு அமைப்பது அரசு உத்தரவிட்டால்தான் என்றாகிவிட்டது. மின்சக்தியால் இயங்கும் பணியிடம் தொழிற்சாலை எனக் கருதப்படுவதற்கான எண்ணிக்கை வரம்பும் 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. சிறு பட்டறைகளின் அமிலமும் சாயமும் சிறிய அளவில்தான் நஞ்சாகுமா என்ற கேள்வி எழுகிறது.

வழி இருக்கிறது

இதே வெள்ளைத்தூள் கழிவு ஐரோப்பாவையும் உலுக்கியிருக்கிறது. 1972-ல் இத்தாலிய ஆலையொன்றின் செந்நிறக் கழிவு கார்சிகா தீவருகே கொட்டப்பட்டபோது, தீவின் மீனவர்களும் மக்களும் கொதித்தெழுந்தனர். 1978-ல் ஐரோப்பிய சமூகம் இத்தொழிலின் கழிவுக்கென்றே தனி ஆணை கொண்டுவந்தது. பின்னர் கடலில் கொட்டுவதும் தடை செய்யப்பட்டது. ஆலைகள் அதனால் அழிந்துவிடவில்லை. அமிலத்தை மீண்டும் அடர்த்தியாக்கிப் பயன்படுத்தின. சுண்ணாம்பு சேர்த்து ஜிப்சமாக மாற்றின. இரும்பு சல்பேட்டை நீர்ச் சுத்திகரிப்புக்கு விற்றன. நேற்றைய கழிவு இன்றைய சரக்காயிற்று.

அதே பாதை கேரளத்துக்கும் பொருந்தும், தமிழகத்துக்கும் பொருந்தும். ஆலை வாயிலில் மாசு அளவுகளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் 2003 உத்தரவு கூறியது. அந்தப் பலகை பொய் சொல்லாமலிருக்க, அதன் எண்களை நிர்வாகத்தோடு சேர்ந்து தொழிலாளர் பிரதிநிதிகளும் சரிபார்க்க வேண்டும். கூலி, போனஸ் கோரிக்கைகளின் வரிசையில் கழிவுநீரும் காற்றும் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். கசிவைச் சுட்டிக்காட்டும் ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை பறிபோகாது என்ற உத்தரவாதம் வேண்டும்.

வேளிக் கரையில் வலை வீசும் மீனவரும், உள்ளே அமிலத் தொட்டியருகே நிற்கும் தொழிலாளியும் எதிரெதிர் அணியினர் அல்லர். மாசு முதலில் ஒருவரைத் தாக்குகிறது. அவர் வாயடைக்கப்பட்டால் அடுத்தவரைத் தாக்குகிறது.