பிரஸ் மாற்றுமுன் ஒரு ஜூல் கணக்கு

மும்பையில் செம்பூர், கோவண்டி, தாராவிப் பக்கத்துச் சிறு பட்டறைகளில் பண்டிகை ஆர்டர் சேரும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும்: “அண்ணாச்சி, கை பிரஸைத் தள்ளிட்டு பவர் பிரஸ் போட்டுரலாமா?” பேச்சு உடனே விலைக்கும் தவணைக்கும் போய்விடும், நாளுக்கு எத்தனை உருப்படி விழும் என்பதற்கும் தாவும். தகட்டுக்கு என்ன தேவை என்ற கேள்விதான் முதலில் வரவேண்டும். அதற்கு இயற்பியலில் தெளிவான விடை இருக்கிறது.

கை பிரஸ் எளிய கருவி. தடித்த திருகுத்தண்டு, தலையில் குறுக்காக ஓர் இரும்புக் கை, அதன் நுனிகளில் கனத்த குண்டுகள். கையைச் சுழற்றி இழுத்தால் குண்டுகள் வேகமெடுக்கும், தண்டு இறங்கும், தண்டின் அடிமுனையில் பொருத்திய பஞ்ச் தகட்டில் பட்டதும் எல்லாம் நின்றுவிடும். குண்டுகள் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் அரை மில்லிமீட்டருக்குள் தீர்ந்தாக வேண்டும். அதனால்தான் ஒரு மனிதனின் கை வீச்சு டன் கணக்கில் விசையாக மாறுகிறது.

சின்னதொரு குங்குமச் சிமிழை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, 1 மி.மீ. பித்தளைத் தகட்டிலிருந்து 40 மி.மீ. விட்டமுள்ள வட்ட வில்லையை வெட்டுவது. வெட்டும் விளிம்பின் நீளம் சுமார் 126 மி.மீ. பித்தளையின் வெட்டு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 250 நியூட்டன். பெருக்கினால் 31,000 நியூட்டனுக்கு மேல், அதாவது மூன்று டன்னுக்குச் சற்று அதிகம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் பஞ்ச் தகட்டின் பாதிக் கனம் இறங்குவதற்குள் மீதி கிழிந்து பிரிந்துவிடும். ஆகவே செலவாகும் ஆற்றல் 16 ஜூல் அளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தரையிலிருந்து தலையுயரத்துக்குத் தூக்கும் உழைப்பு. பத்துப் பத்துக் கிலோவில் இரண்டு குண்டுகள் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சுழன்றால் 40 ஜூல் கையிருப்பு உண்டு. இந்த வேலைக்குக் கை பிரஸ் தாராளம்.

வெட்டிய வில்லையின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளவென்று வழவழப்பான பட்டை. மறுபக்கம் மங்கலான, சொரசொரப்பான கிழிசல். அதன் நுனியில் நகத்தில் மாட்டும் பிசிறு. பிசிறு கூடிக்கொண்டே போனால் பஞ்ச் மழுங்கிவிட்டது, அல்லது பஞ்சுக்கும் அது நுழையும் அச்சான டைக்கும் இடையிலான இடைவெளி கெட்டுவிட்டது. எத்தனை டன் பிரஸ் வாங்கினாலும் மழுங்கிய டை பிசிறைத்தான் தரும். வெட்டு வேலை மட்டும் செய்யும் பட்டறை முதல் பணத்தை நல்ல டையில் போடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்த வேலையில் கணக்கு தலைகீழாகிறது. அதே வில்லையை 20 மி.மீ. அகலமும் 15 மி.மீ. ஆழமும் உள்ள கிண்ணமாக இழுக்க வேண்டும். விசை இரண்டு டன் போதும், வெட்டியதைவிடக் குறைவு. ஆனால் அந்த விசையை 15 மி.மீ. தூரமும் விடாமல் கொடுக்க வேண்டும். ஆற்றல் சுமார் 300 ஜூல். கை பிரஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். பிரஸின் உடம்பில் எழுதியிருக்கும் டன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பவர் பிரஸின் டன் அளவு, ஸ்ட்ரோக்கின் (பஞ்ச் இறங்கி ஏறும் ஓட்டத்தின்) அடிமட்டத்தை ஒட்டிய சில மில்லிமீட்டருக்கே பொருந்தும். நடு ஸ்ட்ரோக்கில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மோட்டார் சிறியதாகவே இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஆற்றலைக் கொடுப்பது ஃப்ளைவீல். அது இழந்த வேகத்தை அடுத்த அடிக்குள் ஈடுகட்டுவதே மோட்டாரின் வேலை.

ஆழமாக இழுக்கத் தொடங்கிவிட்டால் பித்தளையின் குணமும் கூடவே வரும். இழுபட இழுபட அது இறுகும். இன்னொரு முறை இழுத்தால் கிழியும். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த பித்தளையை இழுத்தே தோட்டாக் கூடுகள் செய்கிறார்கள். இழுப்புக்கு இழுப்பு அதை உலையில் காய்ச்சி இளக்குவார்கள். இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சான்று உண்டு. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் கூட்டுச் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் சற்று நேரம் சூடாக்கினால் அந்த இறுக்கம் தணிந்துவிடும். செம்பூர் மழை நான்கு மாதம். கழிவறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் சிமிழை அடுக்கிவைக்கும் பட்டறைக்கு லாயத்துக் கதை அந்நியமில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது விரல். கை பிரஸில் வேகம் ஆளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தப்பென்று தோன்றினால் இழுப்பதை நிறுத்தலாம். சாவி கிளட்ச் வைத்த பழைய பவர் பிரஸில் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் சுற்று முடியும்வரை நிற்காது. நிமிடத்துக்கு 120 ஸ்ட்ரோக் என்றால் ஒரு சுற்று அரை வினாடி, இறங்கும் பாதி கால் வினாடி. ஆபத்தைக் கண்ணால் கண்டு கையசைக்கத் தொடங்கவே மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். மிஞ்சுவது 0.05 வினாடி. “கவனமா வேலை பாரு” என்று சொல்லி இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இயந்திரத்துக்கு வேலி கேட்டது இதற்காகத்தான். இரு கையாலும் அழுத்தினால் மட்டுமே பிரஸை இறக்கும் பொத்தான்கள், விரல் நுழையாத கூண்டு, தகட்டை நீளப் பட்டையாக உள்ளே தள்ளும் டை ஆகியவற்றில் மூன்றாவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. அதில் கை பஞ்சின் அருகே போகவேண்டிய தேவையே இல்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய பிரஸில் இந்தக் காப்புகள் பெரும்பாலும் கழற்றப்பட்டிருக்கும். அந்த விலையை மலிவு என்று நான் ஒப்பமாட்டேன்.

வில்லையும் வாஷரும் வெட்டுகிற பட்டறை கை பிரஸை வைத்துக்கொண்டு டையை மாற்றட்டும். கிண்ணம் இழுக்கும் ஆர்டர் ஆண்டு முழுக்க உறுதியாக வருமென்றால் பவர் பிரஸ் வாங்கலாம். கூண்டும் இளக்கும் உலையும் அதே பில்லில் சேர்ந்து வரவேண்டும். மூன்றுக்கும் காசு போதாதென்றால் அடுத்த பண்டிகை வரை பொறுக்கலாம்.