தழும்பே சாட்சி

முப்பது வருஷத்துக்கு முன் கைநழுவிப் போன தங்கை ஒருநாள் எதிரே வந்து நின்றால், அவள்தான் என்று எப்படி நிச்சயிப்பது? முகம் மாறியிருக்கும். பெயரைக் கேட்கலாமென்றால், பிரிந்தபோது குழந்தைக்கு அது திருத்தமாகத் தெரிந்திருக்க வேண்டுமே! பள்ளியில் சேர வரும் சிறுவர்களிடம் தகப்பனார் பெயரைக் கேட்கிறேன். "அப்பா" என்றுதான் பாதிப் பேர் சொல்லுகிறார்கள்.

கொரியா யுத்தத்தில் (1950–53) இவ்வாறு சிதறிய குடும்பங்கள் அநேகம். அவர்களுக்காக, 1983 ஜூன் 30-ஆம் தேதி ஸியோல் நகரத்து கே.பி.எஸ். டெலிவிஷன் நிலையத்தார் ஒரு நிகழ்ச்சி தொடங்கினர். 95 நிமிஷத்தில் முடிக்க எண்ணியது, நவம்பர் 14 வரை, 453 மணி 45 நிமிஷம் நடந்தது! நிலையத்தின் சுவரெல்லாம் கையால் எழுதி ஒட்டிய தாள்கள். சொந்த ஊர், பெற்றோர் பெயர், பிரிந்த விதம் இவற்றை எழுதிய அட்டையை மார்பில் தாங்கி ஜனங்கள் காத்திருந்தனர்.

வெவ்வேறு நகரங்களிலுள்ள இருவரை ஒரே திரையில் காட்டுவார்கள். உடனே விசாரணை ஆரம்பமாகும். வீட்டில் அழைத்த செல்லப் பெயர் எது? தழும்பு எந்தப் பக்கம்? விடை பொருந்திவிட்டால் அப்புறம் கேள்வியேது, அழுகைதான். பொருந்தாதவர் மறுபடியும் அட்டையைத் தூக்கிக்கொள்ள வேண்டியதே.

1,00,952 மனுக்கள் வந்தன; 10,189 சந்திப்புகள் கைகூடின. வடக்கே தங்கிவிட்டவர்களை அந்தத் திரை எட்டவில்லை. அவர்களுக்காக இரு அரசாங்கங்களும் 2000-இல் தொடங்கிய சந்திப்புகள் 2018 ஆகஸ்டுக்குப் பின் நின்றுபோயின.