‘புட்’ போட்ட போடு!

என் நண்பன் ஒருவனுக்கு மறுநாள் இன்டர்வியூ. மாலையில் கம்பெனியிலிருந்து போன். ‘த இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப். வீ வில் மெயில் யூ த நியூ டேட்’ என்று மளமளவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நம்மாளு காதில் விழுந்தது ‘ஆஃப்’ மட்டும்தான். “லைட் ஆஃப், ஃபேன் ஆஃப் மாதிரி இன்டர்வியூவும் ஆஃப்டா மச்சான்” என்று அன்று ராத்திரியே ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். பத்து நாள் கழித்து மெயிலைத் திறந்தால், புதுத் தேதி வந்து, அதுவும் தாண்டிப் போயிருந்தது!

‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. ரத்து செய்வது ‘கால் ஆஃப்’. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு வாய்ப்பு போச்சு.

இந்த மாதிரி ஜோடிகளுக்குப் பேர்தான் ‘ஃப்ரேஸல் வெர்ப்’. ‘புட்’ ஒன்றுதான், பின்னாடி ஒட்டுகிற வால் மாறினால் அர்த்தமே மாறிவிடும். ‘இதென்ன கொடுமை’னு அலுத்துக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். நம்ம ‘போடு’ மட்டும் லேசுப்பட்டதா? சட்டை போடுறோம், சண்டை போடுறோம், அசைன்மென்ட்டைத் தள்ளிப்போடுறோம், ரூம்மேட்டை வார்டன்கிட்ட போட்டுக்கொடுக்கிறோம். லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணியா இதையெல்லாம் கத்துக்கிட்டோம்? இங்கிலீஷும் அப்படித்தான். சில சாம்பிள்கள் இதோ...

புட் ஆன்: உடை, கண்ணாடி அணிவது. உடம்பு வெயிட் போடுவதும் இதுதான். (ஹாஸ்டல் சாப்பாட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை!)

புட் அவுட்: தீயை, சிகரெட்டை அணைப்பது.

புட் த்ரூ: போனில் இணைப்புக் கொடுப்பது. ‘ப்ளீஸ் புட் மீ த்ரூ டு த மேனேஜர்.’

புட் அப் வித்: சகித்துக்கொள்வது. ‘ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்.’

புட் டவுன்: கீழே வைப்பது. ஒருத்தரை மட்டம் தட்டுவதும் இதுவே. ஆனால் நாயை ‘புட் டவுன்’ செய்துவிட்டார்கள் என்றால், மடியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துவிடாதீர்கள். பெரும்பாலும், தீராத நோயில் தவித்ததை ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்தார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். ‘இட்’ வந்தால் நடுவில் நிற்கும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தப்பு. ஆனால் ‘புட் அப் வித்’தைப் பிரிக்கக் கூடாது, ‘புட் அப் வித் இட்’தான்.

இன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் உங்க வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க. சொந்தக் கதை மறக்காது.

நம்ம நண்பன்? அடுத்த கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, ஏதோ புரியவில்லை என்றதும் கூச்சப்படாமல், “சாரி, போஸ்ட்போன்டா, கேன்சலா?” என்று கேட்டான். அவர்கள் கோபப்படவில்லை, நிதானமாகத் தேதியைச் சொன்னார்கள். தெரியாதது தப்பில்லை பாஸ், கேட்கிறதைப் ‘புட் ஆஃப்’ பண்றதுதான் தப்பு!